லேப் வந்தது, பேட்டரி வாங்கப் பணம் எங்கே?

கோபிசெட்டிபாளையம் பக்கத்து கிராமம் ஒன்றைச் சேர்ந்த நண்பர் கேட்டிருக்கும் கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்கிறேன். அவர் படித்த அரசு மேல்நிலைப் பள்ளியின் ஹைடெக் லேபில் 20 கணினிகள் இருக்கின்றன, ஓடுவது 7தான். மத்திய அரசு பணத்தை நிறுத்திவிட்டதுதான் காரணம் என்று ஊரில் பேசிக்கொள்கிறார்கள். முன்னாள் மாணவர்கள் சேர்ந்து 5 லட்சம் ரூபாய் திரட்டி வைத்திருக்கிறார்கள். அதில் வகுப்பறைக்கு ஒரு ஸ்மார்ட் போர்டு (தொடுதிரைப் பலகை) வாங்கிக் கொடுக்கலாமா என்று கேட்கிறார். போர்டு பற்றிய கேள்வியாக முடிந்தாலும், அரசுப் பள்ளிக்குக் கருவி வாங்கும் பணம் எந்த வழியில் வருகிறது, வந்த கருவியை ஓடவைப்பது யார் பொறுப்பு என்பதுதான் அவர் உண்மையில் அறிய விரும்புவது என்று எடுத்துக்கொண்டு பதில் எழுதுகிறேன்.

நான் ஈரோடு மாவட்டத்தில் 31 ஆண்டுகள் அரசுப் பள்ளிகளில் வேலை பார்த்தவன். கணித ஆசிரியராகத் தொடங்கி, நடுவில் 3 ஆண்டுகள் வட்டார வள மையத்தில் இருந்து, கடைசி 8 ஆண்டுகள் தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றேன். ஆகவே நான் சொல்வதெல்லாம் பள்ளியின் ரொக்கப் பதிவேட்டுக்கும் இருப்புப் பதிவேட்டுக்கும் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவை. கோட்டையில் ஒரு கோப்பு எப்படி நகர்கிறது என்பதை நான் பார்த்தவனில்லை. உங்கள் பள்ளியில் 13 கணினிகள் ஏன் நின்றன என்பதை இங்கிருந்தே சொன்னால் அது ஜோசியமாகிவிடும். ஆனால் இப்படி நிற்கும் லேப்கள் பொதுவாக எந்த வரிசையில் நிற்கின்றன என்பதைச் சொல்ல முடியும்.

முதலில் உறுதியாகத் தெரிந்தவை. பள்ளிகளுக்குக் கணினி ஆய்வகம் அமைக்கும் மத்திய அரசுத் திட்டம் 2004 டிசம்பரில் தொடங்கியது. 2018இல் அது உட்பட பல திட்டங்கள் சேர்க்கப்பட்டு சமக்ர சிக்‌ஷா என்ற ஒருங்கிணைந்த பள்ளிக்கல்வித் திட்டத்தின் ஒரே குடைக்குள் வந்தன. அதன் செலவில் 60 பங்கு மத்திய அரசு, 40 பங்கு மாநில அரசு. தமிழ்நாட்டில் ஹைடெக் லேப் வந்த பள்ளிகள் 6,029. இதில் உயர்நிலைப் பள்ளிகள் 3,090, மேல்நிலைப் பள்ளிகள் 2,939. உயர்நிலைப் பள்ளிக்கு 10 கணினி, மேல்நிலைப் பள்ளிக்கு 20 என்பது கணக்கு. உங்கள் பள்ளியின் 20 அங்கிருந்து வந்ததுதான். சமக்ர சிக்‌ஷா விதிப்படி ஒரு லேப் அமைக்க ஒருமுறை மானியமாக 6.40 லட்சம் ரூபாய் வரையும், அதை நடத்த ஆண்டுக்கு 2.40 லட்சம் வரையும் கொடுக்கலாம். அந்த 2.40 லட்சம் 5 ஆண்டுகளுக்கு மட்டுமே. ஆறாம் ஆண்டு முதல் மின்சாரம், இணையம், பழுது, லேபைப் பார்த்துக்கொள்ளும் ஆள் எல்லாவற்றுக்கும் மாநிலமே வேறு வழி பார்க்க வேண்டும். நம் பக்கத்து லேப்களில் பெரும்பாலானவை 2019, 2020 வாக்கில் அமைந்தவை. அந்த 5 ஆண்டு எப்போது முடிகிறது என்று விரல்விட்டு எண்ணிப் பாருங்கள்.

காகிதத்தில் இருக்கும் இந்த 5 ஆண்டு பள்ளியில் எப்படித் தெரியும் என்பதற்கு என் லேபையே சொல்கிறேன். எங்களுடையது ஒரு சர்வர், அதிலிருந்து பிரியும் முனையங்கள் என்ற அமைப்பு. மேசைமேல் இருப்பவற்றுக்குத் தனி மூளை கிடையாது. சர்வர் படுத்தால் எல்லாம் படுத்துவிடும். அந்த சர்வருக்குக் காவல் 5 கேவிஏ யுபிஎஸ்; அதற்கு 16 பேட்டரிகள். நான்காம் ஆண்டு வைகாசியில் ஒவ்வொன்றாக உப்ப ஆரம்பித்தன. மின்சாரம் போனதும் 40 நிமிடம் தாங்கிய யுபிஎஸ் 4 நிமிடத்தில் கத்தத் தொடங்கியது. பிறகு மின்சாரம் போன அதே நொடியில் சர்வரும் போனது. அப்படி ஒரு மாதம் போய்ப் போய் வந்ததில் சர்வரின் ஹார்ட் டிஸ்க் போயிற்று. ஒப்பந்தக்காரரின் உதவி எண்ணில் புகார் கொடுத்தேன். "பேட்டரி கன்ஸ்யூமபிளுங்க சார், ஏஎம்சியில வராதுங்க" என்று பணிவாகப் பதில் வந்தது. பேட்டரி தேய்ந்து தீரும் பொருள், ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தத்தில் சேராது என்று அர்த்தம். புதிய பேட்டரி ஒன்று அப்போது சுமார் 4,000 ரூபாய், 16க்கு 64,000. எங்கள் பள்ளியில் 400 பிள்ளைகள். 251 முதல் 1,000 பிள்ளைகள் வரை உள்ள பள்ளிக்கு ஆண்டுக்கான மொத்தப் பள்ளி மானியமே 75,000 ரூபாய்தான். அதில் குறைந்தது 10 சதவீதம் தூய்மைப் பணிக்குப் போக வேண்டும். மீதியில் சாக்பீஸ், பதிவேடு, குழாய் ரிப்பேர், உடைந்த ஜன்னல், ஆய்வகப் பொருள் எல்லாம். பேட்டரி வாங்கினால் சாக்பீஸ் இல்லை என்ற நிலையில் எந்தத் தலைமையாசிரியரும் சாக்பீஸைத்தான் தேர்ந்தெடுப்பார். நானும் அதைத்தான் செய்தேன். 64,000 ரூபாய் இல்லாததால் பல லட்ச ரூபாய் லேப் ஒன்றரை ஆண்டு பூட்டிக் கிடந்தது. மேசைமேல் இருந்த கணினிகள் எதுவும் பழுதாகவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

பணம் வந்தாலும் எப்போது வருகிறது என்பது இன்னொரு வேதனை. முன்பெல்லாம் மானியம் பள்ளியின் வங்கிக் கணக்கில் வந்து உட்கார்ந்திருக்கும். 2021க்குப் பிறகு மத்திய அரசு நிதியுதவித் திட்டங்கள் எல்லாம் ஒற்றைக் கணக்கு முறைக்கு மாறின. பள்ளியின் கணக்கில் இருப்பு பூஜ்யம். இவ்வளவு வரை செலவிடலாம் என்று ஒரு வரம்பு மட்டும் திறந்துவிடப்படும். வரம்பு நிதியாண்டின் கடைசியில் திறந்தால், மார்ச் 31க்குள் விலைப்புள்ளி வாங்கி, பள்ளி மேலாண்மைக் குழுவில் தீர்மானம் போட்டு, பொருள் இறக்கி, பில் ஏற்றி முடிக்க வேண்டும். முடியாவிட்டால் வரம்பு மூடிக்கொள்ளும். பணம் எங்கோ சும்மா தூங்கக் கூடாது என்ற நோக்கத்தில் தவறில்லை. ஆனால் பேட்டரி ஜூன் மாதத்தில் போகிறது, பணம் மார்ச்சில் வருகிறது. அந்த அவசரத்தில் பொதுத் தேர்வு வேலைக்கு நடுவே ஒரு தலைமையாசிரியர் எதை வாங்குவார்? மூன்று விலைப்புள்ளி எளிதில் கிடைக்கும் பொருளைத்தான். பல பள்ளிகளில் தேவைக்கு மேல் பிரிண்டர் இருப்பதன் ரகசியம் இது.

அடுத்து ஊரில் பேசப்படும் காரணத்துக்கு வருகிறேன். 2024-25ஆம் ஆண்டில் தமிழ்நாட்டுக்கு வரவேண்டிய சமக்ர சிக்‌ஷா மத்தியப் பங்கு சுமார் 2,152 கோடி ரூபாய் வரவில்லை என்பது உண்மை. தேர்ந்தெடுத்த பள்ளிகளை முன்மாதிரிப் பள்ளிகளாக மேம்படுத்தும் மத்திய அரசின் பிஎம் ஸ்ரீ திட்டத்துக்கான ஒப்பந்தத்தில், தேசியக் கல்விக் கொள்கையை முழுமையாக ஏற்கும் நிபந்தனையோடு கையெழுத்திட மாநிலம் மறுத்ததும், பணம் அதோடு முடிச்சுப் போடப்பட்டதும், 2025 மே மாதத்தில் மாநில அரசு வட்டியும் சேர்த்து 2,291 கோடி கேட்டு உச்ச நீதிமன்றத்தில் நேரடியாக வழக்குத் தொடுத்ததும் எல்லாரும் அறிந்தவை. கல்வி 1976இன் 42ஆவது அரசமைப்புத் திருத்தத்தில் பொதுப்பட்டியலுக்குப் போனதிலிருந்து தொடரும் இழுபறியின் இன்னொரு கட்டம் இது. ஒரு திட்டத்தில் சேராததற்காக இன்னொரு திட்டத்தின் பணத்தை நிறுத்துவது நியாயமில்லை என்பது என் கருத்து. அதை மறைக்க விரும்பவில்லை.

ஆனால் உங்கள் லேபின் 13 கணினிகளை அந்த 2,152 கோடியின் தலையில் கட்ட முடியுமா என்பது சந்தேகம். அந்தப் பணம் நின்றதால் முதலில் அடி வாங்கியவை சம்பளம், பயிற்சி, மாற்றுத்திறன் குழந்தைகளுக்கான சேவை, கல்வி உரிமைச் சட்டப்படி தனியார் பள்ளிகளுக்குத் திருப்பித் தரவேண்டிய கட்டணம் போன்றவை. பராமரிப்புக்கு மாநிலம் கையிலிருந்து போட்டிருக்கக்கூடிய பணத்தையும் இந்தப் பள்ளம் இழுத்துக்கொண்டது என்று வாதிடலாம், அதில் நியாயமும் இருக்கிறது. ஆனால் என் லேப் நின்றது பணம் ஒழுங்காக வந்துகொண்டிருந்த காலத்தில். உங்கள் பள்ளியின் புகார்ப் பதிவேட்டில் முதல் பழுதின் தேதியைப் பாருங்கள். அது 2024 ஏப்ரலுக்கு முன்பாக இருந்தால் ஊர்ப் பேச்சில் பாதிதான் உண்மை.

மாநிலம் செலவே செய்யவில்லை என்றும் சொல்ல முடியாது. 2025-26 நிதிநிலை அறிக்கையில் பள்ளிக்கல்விக்கு ஒதுக்கியது 46,767 கோடி ரூபாய். இதன் பெரும்பகுதி சம்பளத்துக்குப் போய்விடும். போகத்தான் வேண்டும், ஆசிரியர் இல்லாத பள்ளியில் கணினி எதற்கு? கருவிகளைப் பொறுத்தவரை, தொடக்கப் பள்ளிகளில் 22,931 ஸ்மார்ட் வகுப்பறைகள், 8,000க்கு மேற்பட்ட நடுநிலைப் பள்ளிகளில் ஹைடெக் லேப், தொடக்கக் கல்வி ஆசிரியர்களுக்கு 79,723 டேப்லெட் என்று அண்மை ஆண்டுகளில் வாங்கிக் குவித்ததைப் பாராட்டத்தான் வேண்டும். வாங்குவதற்கு டெண்டர் உண்டு, தொடக்க விழா உண்டு, நாளிதழில் படம் உண்டு. பேட்டரி மாற்றுவதற்கு எந்த அமைச்சரையும் அழைக்க முடியாது. 2011இல் தொடங்கிய இலவச மடிக்கணினித் திட்டத்தில் இந்தச் சிக்கல் வெளியே தெரியவில்லை, ஏனென்றால் மடிக்கணினி பிள்ளையோடு வீட்டுக்குப் போய்விட்டது; பழுதானால் அது அந்தக் குடும்பத்தின் செலவு. லேப் பள்ளியிலேயே நிற்பதால் அதன் மூப்பு எல்லார் கண்ணிலும் படுகிறது.

பணத்துக்கு அடுத்தது மென்பொருள். விண்டோஸ் 10க்கான பாதுகாப்புப் புதுப்பிப்பை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு நிறுத்திவிட்டது. விண்டோஸ் 11 கேட்கும் டிபிஎம் 2.0 பாதுகாப்பு வசதியும் புதிய தலைமுறை ப்ராசஸரும் பழைய கணினிகள் பலவற்றில் இல்லை. நன்றாக ஓடும் கணினியைக்கூட இந்த ஒரு காரணத்துக்காக ஓரங்கட்டச் சொல்லும் கடைக்காரர்களை நான் பார்த்திருக்கிறேன். இலவசமாகக் கிடைக்கும் லினக்ஸ் இயங்குதளத்தைப் போட்டால் அதே கணினி இன்னும் சில ஆண்டுகள் ஓடும். இலவச மடிக்கணினிகளில் விண்டோஸோடு சேர்த்து, மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் கொடுத்திருந்தார்கள். அதைத் திறந்து பார்த்த மாணவர்களை என் பள்ளியில் ஒரு கை விரல்களுக்குள் எண்ணிவிடலாம். காரணம், எங்களுக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. வாளையாறு தாண்டினால் கதை வேறு. கேரளத்தில் ஐடி அட் ஸ்கூல் என்று தொடங்கி, 2017இல் கைட் என்ற அரசு நிறுவனமாக மாறிய அமைப்பு, லினக்ஸ் போன்ற கட்டற்ற மென்பொருளையே பள்ளிகளுக்கெனத் தயாரித்துத் தருகிறது. ஆசிரியர்களுக்கு அதிலேயே பயிற்சி, பத்தாம் வகுப்பில் அதிலேயே செய்முறைத் தேர்வு. அங்கேயும் கருவி பழுதாகத்தான் செய்கிறது. ஆனால் பழுதைத் தெரிந்தவர் பள்ளிக்குள்ளேயே ஒருவர் இருக்கிறார்.

இப்போது ஸ்மார்ட் போர்டு. நம் கொங்குப் பக்கத்தில் இதை வெறும் பாடக் கருவியாகப் பார்க்க முடியாது. நாமக்கல், ராசிபுரம், திருச்செங்கோடு தனியார் பள்ளிகளின் நிழல் ஈரோடு, திருப்பூர் கிராமங்கள் வரை விழுந்து கிடக்கிறது. மே மாதம் மஞ்சள் வேன் தெருவுக்குள் வந்துவிடும். "ஸ்மார்ட் கிளாஸ் இருக்குதுங்களா?" என்று கேட்டுவிட்டுத்தான் தறி ஓட்டும் தகப்பனும் பனியன் கம்பெனித் தாயும் சேர்க்கைப் படிவம் வாங்குகிறார்கள். ஆகவே போர்டு மாட்டினால் சேர்க்கை கூடும் என்று தலைமையாசிரியர் நினைப்பதில் பிழையில்லை; நானும் நினைத்தேன். முதல் ஆண்டு கூடியது என்றும் சொல்லலாம், ஆனால் அதே ஆண்டு எங்கள் ஊருக்கு நகரப் பேருந்தும் வந்தது. எது காரணம் என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியாது. போர்டு கற்றலைக் கூட்டுமா என்றால், நல்ல ஆசிரியர் கையில் கூட்டுகிறது, மற்றவர் கையில் யூடியூப் திரையாகிறது. இது நான் பார்த்தது, ஆய்வு செய்து சொல்வதல்ல. விற்பவர்கள் முன்கூட்டிச் சொல்லாத ஒன்று உண்டு: பல போர்டுகளோடு வரும் பாடத் தொகுப்புக்குச் சில ஆண்டு உரிமம்தான். முடிந்ததும் புதுப்பிக்க யார் பணம் கட்டுவது என்று பில்லில் எழுதியிருக்காது.

நன்கொடை வழியைப் பற்றியும் சொல்லவேண்டும், ஏனென்றால் உங்கள் 5 லட்சம் தனியாக நிற்க வேண்டியதில்லை. 2013 கம்பெனிகள் சட்டத்தின் 135ஆவது பிரிவுப்படி, குறிப்பிட்ட அளவுக்கு மேற்பட்ட நிறுவனங்கள் சராசரி நிகர லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். தாம் இயங்கும் பகுதிக்கு முன்னுரிமை தரவேண்டும் என்றும் அதே பிரிவு சொல்கிறது. திருப்பூர் ஏற்றுமதியும் கோவைப் பம்பு செட்டும் இருக்கும் நாட்டில் இது சிறிய தொகையில்லை. மாநில அரசு 2022 டிசம்பரில் தொடங்கிய நம்ம ஸ்கூல் நம்ம ஊருப் பள்ளி திட்டத்தின் வழியாக, எந்தப் பள்ளிக்கு எது தேவை என்று பார்த்துக் கொடுக்கவும் முடியும். குறை என்னவென்றால், நிறுவனப் பணம் தார்ச்சாலை ஓரத்துப் பள்ளிகளையே தேடிப் போகிறது. அவிநாசி சாலையில் ஒரே பள்ளிக்கு மூன்று பெயர்ப்பலகைகள் பார்க்கலாம். தாளவாடிக்குப் போக திம்பம் மலைப்பாதையின் 27 கொண்டை ஊசி வளைவுகளையும் ஏற வேண்டும்; பர்கூர், கடம்பூர் மலைப் பள்ளிகளுக்குக் கருவி ஏறினாலும் அதைப் பழுது பார்க்கும் ஆள் ஏறுவதில்லை.

இனி நேரான பதில். உங்கள் இடத்தில் நான் இருந்தால் இப்போது போர்டு வாங்க மாட்டேன். முதலில் தலைமையாசிரியரைப் பார்த்து, இருப்புப் பதிவேடு, புகார்ப் பதிவேடு, லேபின் பராமரிப்பு ஒப்பந்தம் முடியும் தேதி மூன்றையும் கேட்பேன். உரிமையாகக் கேட்காமல், பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் உட்கார்ந்து கேட்பது நல்லது. குழுவில் முன்னாள் மாணவர்களுக்கும் இடம் உண்டு. ஒப்பந்தம் இன்னும் உயிரோடு இருந்தால், வெளியாள் கை வைத்த கணினிக்கு நிறுவனம் பொறுப்பேற்காமல் போகலாம். எழுத்துமூலம் அனுமதி வாங்காமல் ஒரு திருகைக்கூடக் கழற்ற வேண்டாம். ஒப்பந்தம் முடிந்திருந்தால், ஊரில் நம்பிக்கையான கணினி மெக்கானிக் ஒருவரை அழைத்து 13ஐயும் ஒவ்வொன்றாகப் பார்க்கச் சொல்லுங்கள். என் அனுபவத்தில் இப்படி நிற்பவற்றில் பாதிக்கு மேல் பவர் சப்ளை, ராம், கேபிள் போன்ற சில்லறைப் பழுதுகள்தான். அணில் கடித்த லேன் கேபிளால் ஒரு வரிசை முழுக்க நின்றதும் உண்டு.

தொகையைப் பிரிப்பதென்றால், வயரிங், எர்த்திங், மின்னல் தடுப்பு, பேட்டரி ஆகியவற்றுக்கு ஒரு லட்சம். கணினிகளை எழுப்பவும் பழைய ஹார்ட் டிஸ்க்கை எஸ்எஸ்டி என்ற வேகமான சேமிப்பகமாக மாற்றவும் ஒன்றரை லட்சம். மீதி இரண்டரை லட்சத்தைச் சங்கத்தின் பெயரிலேயே வைப்புத் தொகையாகப் போடுங்கள். 6.5 சதவீத வட்டி கிடைத்தால் ஆண்டுக்கு 16,250 ரூபாய். நான்கு ஆண்டில் 65,000. நான் ஒன்றரை ஆண்டு தேடி அலைந்த பேட்டரிப் பணம் அது. முன்னாள் மாணவர்களில் பலருக்கு இது உற்சாகம் தராது, திறப்பு விழா வைக்க ஒன்றுமில்லையே என்பார்கள். வேண்டுமானால் வங்கி ரசீதைச் சட்டம் போட்டு லேபில் மாட்டலாம். சுற்றுச்சுவர், வகுப்பறை போன்ற கட்டுமானம்தான் உங்கள் விருப்பம் என்றால் மட்டும் நமக்கு நாமே திட்டத்தைப் பாருங்கள். பொதுமக்கள் மூன்றில் ஒரு பங்கு போட்டால் மீதி அரசுடையது என்பதால் அங்கே 5 லட்சம் 15 லட்ச ரூபாய் வேலையாகும். லேப் பராமரிப்புக்கு அது ஒத்துவராது.

கொடுக்கும் பொருள் எதுவானாலும் இருப்புப் பதிவேட்டில் ஏறியபிறகு, தலைமையாசிரியர் கையெழுத்தோடு நகல் வாங்கிக்கொள்ளுங்கள். ஏறாத பொருளுக்குத் தணிக்கையில் கேள்வி வரும், ஏறிய பொருளைக் கழிவு செய்ய அனுமதி வேண்டும். உங்கள் பள்ளியின் மூலையில் பழைய மானிட்டர்கள் குவிந்து கிடந்தால் அதுதான் காரணம், அலட்சியம் என்று உடனே எண்ணிவிட வேண்டாம். இலவசமாகச் செயலி தருகிறோம், பிள்ளைகளின் பெயரும் அலைபேசி எண்ணும் மட்டும் கொடுங்கள் என்று யாராவது வந்தால் வாசலிலேயே அனுப்பிவிடுங்கள். 18 வயதுக்கு உட்பட்டவர்களின் தகவலைக் கையாளப் பெற்றோரின் சரிபார்க்கத்தக்க ஒப்புதல் வேண்டும் என்கிறது 2023ஆம் ஆண்டின் தரவுப் பாதுகாப்புச் சட்டம். அந்தச் சிக்கலைத் தலைமையாசிரியரின் தோளில் ஏற்றக் கூடாது.

எர்த் குழி வேலையை மட்டும் பங்குனிக்குள் முடித்துவிடுங்கள். நம் பக்கம் சித்திரை, வைகாசியில் கோடை மழை இடியோடுதான் வரும். கோடை விடுமுறையில் பூட்டிய லேபில் பிளக்கைப் பிடுங்கிவிட ஆள் இருக்காது.